காட்டின் விளிம்பும் நெற்றியின் விளிம்பும்: நட்ட முடி ஏன் சிலருக்குத் தெரிகிறது, சிலருக்குத் தெரிவதில்லை

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் வந்தால், வெளிநாட்டு உறவினர்களால் எங்கள் வீடு நிறைந்துவிடும். ஒருமுறை அப்படி வந்தவர்களில் இருவர் தலையில் முடி நட்டிருந்தார்கள். ஒருவர் என் மச்சான். அவர் படலையைத் திறந்து உள்ளே வந்தவுடனேயே பெரியம்மா அவருடைய நெற்றியைப் பார்த்தார், பார்த்த வேகத்திலேயே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மற்றவர் மச்சானின் நண்பர். மூன்று நாள் எங்களோடு தங்கினார். கிணற்றடியில் குளித்து ஈரத்தலையோடு வெயிலில் நின்றார். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்கும் வந்தார். புறப்படும் நாளில் அவராகவே சொன்னபோதுதான் அவருடைய முன்முடி முழுவதும் நட்டது என்று தெரிந்தது. தலைகளைப் பார்த்தே வளர்ந்த எனக்குக்கூட அது பிடிபடவில்லை.

என் அப்பா பரந்தனில் சலூன் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான் இருப்பேன். தரையில் விழுந்த முடியைக் கூட்டி அள்ளுவது என் வேலை. முன்முடியை வெட்டும்போது அப்பா கத்தரிக்கோலைக் குறுக்காகப் பிடிக்கவே மாட்டார். நிமிர்த்திப் பிடித்து, நுனியால் கொத்துக் கொத்தாக வெட்டுவார். "நேராக வெட்டினால் தலையில் சட்டி கவிழ்த்த மாதிரி இருக்கும்" என்பார். பிற்காலத்தில் முடி மாற்றுச் சத்திரசிகிச்சையைப் பற்றி வாசித்தபோது, அந்தத் துறை வைத்தியர்கள் பல பத்தாண்டுகள் பட்டுத் தெளிந்த பாடமும் ஏறக்குறைய அதுவே என்று கண்டேன்.

இதை எழுதக் காரணம் உண்டு. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருபத்தைந்து வயதைத் தாண்டாத பிள்ளைகள் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் பணம் தருவதாகச் சொல்லியிருப்பார். கொழும்பில் செய்வதா, இஸ்தான்புல்லுக்குப் போவதா என்று வீட்டில் பேச்சு நடக்கும். எல்லோருடைய முதல் கேள்வியும் ஒன்றுதான்: "பார்த்தால் தெரியுமா?" நன்றாகச் செய்யப்பட்டால் தெரியாது. அந்த "நன்றாக" என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

நடப்படுவது என்ன

முடி மாற்றில் புதிய முடி எதுவும் உண்டாக்கப்படுவதில்லை. தலையின் பின்பக்கத்தில் இருக்கும் முடி வேரோடு எடுக்கப்பட்டு முன்னால் நடப்படுகிறது. அவ்வளவுதான். ஆண்களுக்கு வரும் வழுக்கை பரம்பரையாலும் டி.எச்.டி. என்ற ஹார்மோனாலும் வருவது. நெற்றிக்கு மேலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் அந்த ஹார்மோனுக்கு இளகிக்கொடுத்து, ஆண்டுக்கு ஆண்டு மெல்லிய முடியாக முளைத்து, கடைசியில் ஓய்ந்துவிடுகின்றன. பிடரியிலும் காதுகளுக்கு மேலும் உள்ளவை அதைத் தாங்கி நிற்கின்றன. முழு வழுக்கையான தாத்தாவுக்கும் பின்னால் குதிரை லாடம் போல ஒரு வளையம் முடி மிஞ்சியிருப்பது இதனால்தான்.

அந்தப் பின்பக்க முடியை முன்னால் கொண்டுவந்து நட்டால், அது முன்பக்க முடியைப் போல உதிருமா, பின்பக்க முடியைப் போல நிலைக்குமா? நியூயோர்க்கைச் சேர்ந்த தோல் வைத்தியர் நோர்மன் ஓரன்ட்ரைக் 1952 இல் இதைச் செய்து பார்த்து, 1959 இல் வெளியிட்டார். முடி, எடுத்த இடத்தின் குணத்தையே கொண்டிருந்தது. மொட்டைக்கறுப்பன் நெல் நாற்றை எந்த வயலில் கொண்டுபோய் நட்டாலும் மொட்டைக்கறுப்பனே விளைவதைப் போல. ஜப்பானில் ஷோஜி ஒகுடா என்ற வைத்தியர் 1939 இலேயே சிறு வட்டத் துண்டுகளாக முடியுள்ள தோலை எடுத்து நட்டு எழுதியிருந்தார். அவர் பெரும்பாலும் தழும்புகளில் நட்டார். போர்க்காலமாதலால் அந்த எழுத்து மேற்கு நாடுகளை நெடுங்காலம் எட்டவில்லை.

முடி நிலைத்தது, ஆனால் பார்க்க நன்றாக இருக்கவில்லை. அந்தக் காலத்தில் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் அகல வட்டங்களாகத் தோலைத் துளைத்து எடுத்தார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் பதினைந்து, இருபது முடிகள். அவற்றை நெற்றியோரம் வரிசையாக நட்டதும், பிளாஸ்ரிக் பொம்மையின் தலையில் குஞ்சம் குஞ்சமாக முடி குத்தியிருக்குமே, அப்படியே இருந்தது. நடுவே வெறும் தோல். முடி மாற்று என்றாலே "தெரியும்" என்று இன்றைக்கும் பலர் நினைப்பதற்கு அந்தத் தலைகளே காரணம்.

மாற்றம் ஒரு நுணுக்குக்காட்டியிலிருந்து வந்தது. மனிதத் தலையில் முடி தனித்தனியாக மட்டும் முளைப்பதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, சில இடங்களில் நான்கு முடிகள் ஒரே கூட்டில் ஒன்றாக எழும். இயற்கையான இந்தச் சிறு கூட்டங்களை ஜோன் ஹெடிங்டன் என்ற தோல்நோயியல் வைத்தியர் 1984 இல் விவரித்தார். 1980களின் இறுதியில் டெக்ஸாஸில் பொபி லிமர் என்ற வைத்தியர் எடுத்த தோலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, ஒவ்வொரு கூட்டத்தையும் குலையாமல் பிரித்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1995 இல் பேர்ன்ஸ்டைன், ரஸ்மன் என்ற வைத்தியர்கள் இருவரும் முழுத் தலைக்கும் இந்தச் சிறு கூட்டங்களை மட்டுமே நட வேண்டும் என்று எழுதினார்கள். இன்று "கிராஃப்ட்" என்று எண்ணி விலை சொல்லப்படுவது இந்தக் கூட்டம்தான். ஆகவே 2,000 கிராஃப்ட் என்றால் 2,000 முடி என்று எண்ணிவிடக் கூடாது. சராசரியாக அதன் இரு மடங்கு முடி இருக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எஃப்.யூ.டி., எஃப்.யூ.ஈ. என்று இரண்டு முறைகளை விளம்பரங்களில் காண்பீர்கள். முதலாவதில் பின்தலையிலிருந்து நீளமாக ஒரு தோல் பட்டை வெட்டி எடுக்கப்பட்டுத் தைக்கப்படுகிறது. இரண்டாவதில் ஒரு மில்லிமீற்றர் அளவுள்ள குழல் முனையால் கூட்டம் கூட்டமாகத் துளைத்து எடுக்கப்படுகிறது. இவை இரண்டும் முடியை எப்படி எடுப்பது என்பதற்கான பெயர்கள். நெற்றியில் அது இயல்பாகத் தெரியுமா என்பதை எடுக்கும் முறை தீர்மானிப்பதில்லை. நடும் கைதான் தீர்மானிக்கிறது.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்கு

மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் போகும் வீதியில் பஸ்ஸின் யன்னலோரம் இருந்து பாருங்கள். காடு எங்கே தொடங்குகிறது? தார் முடிந்த இடத்தில் புல். புல்லுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாய் நாயுண்ணி. பிறகு ஈச்சம்பற்றை, சூரை, காரை. அதற்குப் பின்னால் இளமரங்கள். அதற்கும் பின்னால்தான் பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்து நிற்கின்றன. ஓரிடத்தில் பற்றை வீதி வரைக்கும் முன்னால் வந்திருக்கும். இன்னோரிடத்தில் பத்தடி பின்வாங்கியிருக்கும். இதுதான் காட்டின் தொடக்கம் என்று சுண்ணாம்பால் கோடு போட யாராலும் முடியாது. இப்போது வனத் திணைக்களம் நட்ட ஒரு தேக்கந்தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே உயரம், ஒரே இடைவெளி, முதல் மரமே பெரிய மரம், ஓரம் கயிறு பிடித்த மாதிரி. நூறு யார் தூரத்திலேயே இது நட்டது என்று சின்னப்பிள்ளையும் சொல்லும்.

மச்சானின் நெற்றி தேக்கந்தோட்டம். அவருடைய நண்பரின் நெற்றி ஒட்டுசுட்டான் வீதி. முழு விஷயமும் இதற்குள் இருக்கிறது. இனி வருவது இதன் விளக்கம்தான்.

முதலில் ஒற்றை முடி. உங்கள் சொந்த நெற்றி விளிம்பை, அல்லது தலையில் முடி குறையாத ஒருவரின் விளிம்பைக் கண்ணாடிக்கு முன்னால் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முதல் அரைச் சென்ரிமீற்றரில், சிலருக்கு ஒரு சென்ரிமீற்றரில், இருப்பவை ஏறக்குறைய எல்லாமே ஒற்றை முடிகள். அவை பின்னாலுள்ளவற்றைவிட மெல்லியவை. அதற்கப்பால் இரட்டைகள் கலக்கின்றன. இன்னும் பின்னால் போனால் மூன்றும் நான்கும். அடர்த்தி இப்படிச் சிறிது சிறிதாகக் கூடுவதால்தான் தோல் எங்கே முடிந்து முடி எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குப் பிடிபடாமல் இருக்கிறது. நல்ல வைத்தியர் இந்த முன் வரிசைகளுக்காக நுணுக்குக்காட்டியின் கீழ் ஒற்றை முடிக் கிராஃப்ட்டுகளைத் தனியாகப் பிரித்து வைப்பார். அவசரத்தில் வேலை செய்பவர்களின் கையில் மூன்று முடிக் கிராஃப்ட் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. வீதியோரத்திலேயே முதிரை மரம் நின்றால் எப்படி இருக்குமோ அப்படி. மச்சானுக்கு நடந்தது அதுதான். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு துளையிலிருந்தும் இரண்டு மூன்று தடித்த முடிகள் ஒன்றாக எழும்பி நின்றன.

அடுத்தது ஒழுங்கின்மை. இதில் இரண்டு அளவுகள் உண்டு. தூரத்திலிருந்து தெரிவது ஒன்று: நெற்றி விளிம்பு நடுவில் சற்றே இறங்கி, இரு பக்கமும் ஏறி, கன்னப்பொறிப் பக்கம் மறுபடி இறங்கும், இடமும் வலமும் ஒருபோதும் ஒரே அளவாக இருக்காது. கிட்டத்திலிருந்து தெரிவது மற்றது: ஒரு சென்ரிமீற்றர் நீளத்துக்குள்ளேயே விளிம்பு முன்னும் பின்னுமாகப் பல்லுப் பல்லாகப் போகும். சில முடிகள் விளிம்பையும் தாண்டி, கூட்டத்தைவிட்டு வெளியே தனியாக நெற்றியில் நிற்கும். அவற்றை ஆங்கிலத்தில் காவலாளி முடிகள் என்கிறார்கள். எனக்கு அவை வயலின் வரம்புக்கு வெளியே சிந்தி முளைத்த நெல்லைப் போலத் தோன்றும். திறமையான வைத்தியர் இவற்றையும் நடுவார். பென்சிலால் போட்ட கோட்டின் மேலேயே வரிசையாக நட்டால் அந்தக் கோடு முகத்தில் வாழ்நாள் முழுவதும் கிடக்கும்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் வைத்து முடியைப் பின்னால் வாரி, நெற்றியில் மூன்று கோடாகத் திருநீறு பூசும்போது, அந்த வெள்ளைக் கோடுகள் நெற்றி விளிம்புக்குச் சமாந்தரமாக ஓடுகின்றன. விளிம்பும் நேராக இருந்தால் நான்காவது கோடு மாதிரித் தெரியும். நேர்கோட்டு விளிம்புள்ள ஒருவர் கலைந்த முடியோடு குளிர் நாட்டில் தப்பித்துக்கொள்ளலாம். கோயில் வீதியில், வைகாசி வெயிலில், எண்ணெய்த் தலையோடு தப்ப முடியாது. ஈரம், காற்று, உச்சி வெயில் ஆகிய மூன்றும்தான் உண்மையான சோதனை. படம் பார்த்து முடிவெடுக்கிறவர்கள், விளம்பரப் படங்களிலுள்ள தலைகள் உலர்ந்து, முன்னால் சீவப்பட்டு, மெல்லிய வெளிச்சத்தில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். முடியைப் பின்னால் வாரிய, கிட்டத்தில் எடுத்த படத்தைக் கேளுங்கள்.

சாய்வு

பலரும் நினைத்தே பார்க்காத ஒன்று, முடி எந்தக் கோணத்தில் தோலைவிட்டு வெளியே வருகிறது என்பது. நெற்றி விளிம்பில் முடி நிமிர்ந்து நிற்பதில்லை. தோலோடு பத்து, பதினைந்து, இருபது பாகை அளவில் படிந்து, முன்னோக்கிச் சாய்ந்து வருகிறது. கன்னப்பொறியில் இன்னும் படிந்து, கிட்டத்தட்டத் தோலை ஒட்டியே கீழ்நோக்கிப் போகிறது. நடுவிலிருந்து பக்கத்துக்குப் போகப் போகத் திசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். சிலருக்கு முன்னெற்றியிலேயே ஒரு சுழி இருக்கும். அங்கே முடி தன் பாட்டுக்கு வளைந்து எழும்பும்.

நடுவதற்கு முன்னால் தோலில் ஊசியாலோ மிகச் சிறிய கத்தியாலோ ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான கீறல்கள் இடப்படுகின்றன. முடி எந்தச் சாய்வில், எந்தத் திசையில் வளரும் என்பது அந்தக் கீறலோடு முடிந்துவிடுகிறது. கிராஃப்ட்டை அதற்குள் வைப்பவர் பிறகு அதை மாற்ற முடியாது. கீறல் நிமிர்ந்து விழுந்தால் முடியும் நிமிர்ந்து வளரும். அப்போது எதிரே நிற்பவர் ஒவ்வொரு முடியின் அடியையும், அடிகளுக்கு இடையிலுள்ள தோலையும் பார்க்கிறார். சாய்ந்து வளர்ந்தால் முன்முடி பின்முடியின் அடியை மறைக்கும், கூரைக்குக் கிடுகு வேய்வதுபோல. கிடுகை ஒன்றின்மேல் ஒன்று படியவிட்டால் குறைந்த கிடுகில் கூரை மூடும். நிறுத்தி வைத்தால் எத்தனை கிடுகும் போதாது.

ஆழமும் முக்கியம். கிராஃப்ட் தோல் மட்டத்துக்குக் கீழே புதைந்துபோனால் ஒவ்வொரு முடியைச் சுற்றியும் சிறு குழி விழும். மேலே துருத்திக்கொண்டிருந்தால் சிறு மேடுகள் எழும்பும். பக்கத்திலிருந்து வெயில் விழும்போது இந்தக் குழிகளும் மேடுகளும் நிழல் போடுகின்றன. முடியின் எண்ணிக்கை சரியாக இருந்தும் "ஏதோ ஒன்று சரியில்லை" என்று பார்ப்பவர் மனத்தில் படுவது பெரும்பாலும் இதனால்தான்.

யார் கீறல் போடுகிறார் என்ற கேள்வியின் கனம் இப்போது புரியும். பல நாடுகளில், முன்னால் வந்து பேசும் வைத்தியர் ஒருவராகவும் கீறல் போடுபவர் வைத்தியப் பயிற்சியே இல்லாத உதவியாளராகவும் இருக்கும் நிலையங்கள் உண்டு. முடி மாற்று வைத்தியர்களின் சர்வதேசச் சங்கமே இதை எதிர்த்துப் பொதுமக்களை எச்சரித்து வருகிறது. கோட்டை வரைபவர் யார், கீறலைப் போடுபவர் யார், அவர் பதிவுபெற்ற வைத்தியரா? இந்த மூன்றையும் வெட்கப்படாமல் கேளுங்கள். இலங்கையில் என்றால் மருத்துவ சபையின் பதிவு இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

எங்கள் முடி, எங்கள் தோல்

எங்கள் முடி பெரும்பாலும் கறுப்பு, தடிப்பும் கூடியது. தடித்த முடி இடத்தை நன்றாக நிரப்பும். குறைந்த எண்ணிக்கையிலேயே தலை நிறைந்தாற்போல இருக்கும். ஆனால் நெற்றி விளிம்பில் அதே தடிப்பு பகையாகிவிடுகிறது, அங்கே மெல்லிய முடிதானே இயல்பு. அதனால் காதுக்கு மேலும் பிடரியின் கீழ்ப்பக்கமும் உள்ள மெல்லிய முடிகளைத் தேடி எடுத்து முதல் வரிசைகளுக்கு வைப்பார்கள். தோல் நிறம் எங்களுக்குக் கைகொடுக்கிறது. வெள்ளைத் தோலில் கறுப்பு முடி நிற்கும்போது ஒவ்வொரு முடியும் தனியாகத் தெரியும். மாநிறத்திலோ கருமையிலோ அந்த வேறுபாடு குறைவு. சுருள் முடிக்காரருக்கு இன்னும் நல்லது, ஒரு சுருளே இரண்டு முடியின் இடத்தை மூடும். இன்னொரு பக்கம், கருமையான தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்புக் கூடுதல். பழைய வெட்டுக் காயமோ காதுகுத்திய இடமோ தடித்திருந்தால் அதை வைத்தியருக்கு முதலிலேயே காட்ட வேண்டும்.

இயற்கையான தலையில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு எழுபது, எண்பது கூட்டங்கள் வரைக்கும் இருக்கலாம். நடும்போது அதில் ஏறக்குறைய பாதியே நடப்படுகிறது. ஏமாற்று அல்ல இது. முடியில் பாதி போகும் வரைக்கும் வழுக்கை விழுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே பாதியை நட்டாலே கண் திருப்திப்படும். அதற்கு மேல் நெருக்கி நட்டால் இரத்த ஓட்டம் போதாமல் கிராஃப்ட்டுகள் பிழைக்காமல் போகலாம்.

எவ்வளவு கீழே

என் மனத்தை மிகவும் வருத்துவது இந்தப் பகுதி. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை தன் பதினாறு வயது நெற்றியைத் திருப்பிக் கேட்கிறான். பணம் வாங்குபவர் சரி என்று சொல்லிவிடுகிறார். வளர்ந்த ஆணின் முன்முடி, புருவங்களுக்கு நடுவிலிருந்து அளந்தால் பொதுவாக 7 முதல் 10 சென்ரிமீற்றர் உயரத்தில் தொடங்குகிறது. பதின்ம வயதில் இருந்ததைவிட இருபதுகளில் அது ஒன்று, ஒன்றரை சென்ரிமீற்றர் ஏறுவது வழுக்கையே ஆகாத ஆண்களுக்கும் நடப்பது. இரு பக்கமும் சற்று உள்ளே ஏறிய கோணம் வளர்ந்த ஆணின் முகத்துக்கு உரியது. அதையும் நிரப்பிவிட்டால், நாற்பத்தைந்தில் தாடி நரைத்து முகம் தளர்ந்த பிறகும் நெற்றி மட்டும் பள்ளிக்கூடப் பையனுடையதாக இருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து பின்னால் இருக்கிறது. நட்ட முடி நிலைக்கும், அதற்குப் பின்னாலுள்ள பழைய முடி தொடர்ந்து உதிரும். பத்து ஆண்டு கழித்து முன்னால் ஒரு பட்டை முடி, அதற்குப் பின்னால் வெளி, அதற்கும் பின்னால் லாடம். குளம் வற்றும்போது நடுவில் திட்டு மட்டும் பச்சையாய் நிற்பதுபோல. பின்தலையில் எடுக்கக்கூடிய கிராஃப்ட்டுகள் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் சில ஆயிரம் மட்டுமே. அவற்றை இருபத்திரண்டு வயதில் நெற்றியைக் கீழே இறக்கச் செலவழித்துவிட்டால் பிறகு கடன் வாங்க இடமில்லை. ஆகவே பொறுப்பான வைத்தியர் இளையவர்களைச் சில ஆண்டுகள் காத்திருக்கச் சொல்வார். முடி உதிர்வைக் குறைக்கத் தரப்படும் மினொக்சிடில், பினாஸ்டரைட் போன்ற மருந்துகளின் நன்மை தீமைகளைப் பேசுவார். தகப்பனையும் தாய்மாமனையும் பற்றி விசாரிப்பார். அப்படிக் கேட்காமல் திகதி குறிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மழித்தால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்கு முக்கியமான கேள்வி. நேர்த்திக்கு மொட்டை போடுகிறோம். தகப்பனுக்குக் கொள்ளி வைக்கும் மகன் தலை மழிக்கிறான். நட்ட முடி மழித்தாலும் திரும்ப வளரும், அதில் பயமில்லை. ஆனால் மழித்த தலையில் பின்பக்கத் தழும்பு தெரியும். பட்டை எடுத்திருந்தால் காதிலிருந்து காதுக்கு ஒரு கோடு. துளைத்து எடுத்திருந்தால் சிறு சிறு வெளிர் புள்ளிகள். அளவுக்கு மீறி எடுத்திருந்தால் பின்தலை பூச்சி அரித்த துணிபோல இருக்கும். "யாருக்கும் தெரியாது" என்ற வாக்குறுதி முடி வளர்ந்த தலைக்கு மட்டுமே பொருந்தும்.

காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் வாரம் பத்து நாளில் பொருக்கு உதிரும். இரண்டாம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் இடையில் நட்ட முடியே பெரும்பாலும் கொட்டிவிடும். வேர் உள்ளே இருக்கும், பதற வேண்டாம். மூன்றாம் நான்காம் மாதத்தில் முளைக்கத் தொடங்கும், முதலில் மெல்லியதாகவும் சுருண்டும் வரும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளர்வதால் ஓர் ஆண்டு கழித்தே முழு உருவத்தைப் பார்க்கலாம். அந்தத் தொடக்க வாரங்களில் வயல் வெயிலும் சூடு மிதிக்கும் களத்துத் தூசியும் குளத்துக் குளிப்பும் ஆகாது.

தழும்பின் மேல்

வன்னியில் முடி மாற்றுப் பற்றிப் பேசும்போது வழுக்கையை மட்டும் பேசி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஷெல் துண்டு கீறிய தலைகளும் தீப்பட்ட தலைகளும் எங்கள் ஊர்களில் இருக்கின்றன. நெற்றி விளிம்பில் ஒரு தழும்பை மறைக்க உச்சியைப் பக்கமாக எடுத்து, காற்றடிக்கும்போதெல்லாம் கையால் அழுத்திக்கொள்ளும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் கேட்பதை அழகு ஆசை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

தழும்பின் மேலும் முடி நடலாம். ஒகுடா முதலில் செய்தது அதுதான். தழும்புத் தோலில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் நட்டவற்றில் பிழைப்பவையும் குறைவு. வைத்தியர்கள் முதலில் ஐதாகச் சிறிது நட்டுப் பார்த்து, முளைத்த பிறகு இன்னொரு தடவை நடுவது வழக்கம். பெண்களின் விளிம்பு ஆண்களுடையதிலிருந்து வேறு: தாழ்ந்தும் வட்டமாகவும் இருக்கும், பக்கங்களில் உள்ளே ஏறாது, ஓரமெங்கும் பூனைமயிர் போன்ற மெல்லிய முடி கிடக்கும். ஆணின் விளிம்பைப் பெண்ணுக்கு வரைந்தால் கூட்டம் சரியாக இருந்தும் முகம் மாறிவிடும். தழும்பு இல்லாத பக்கத்தைப் பார்த்தே தழும்புள்ள பக்கத்தை வரைய வேண்டும், சிறிது கூடக் குறைய விட்டு.

மச்சானின் நெற்றிக்கும் வழி இல்லாமல் இல்லை. கோட்டுக்கு முன்னால் ஒற்றை முடிகளை ஒழுங்கில்லாமல் நட்டு விளிம்பை உடைக்கலாம். முன்னாலிருக்கும் தடித்த கூட்டங்களைத் துளைத்து எடுத்துப் பின்னால் நடலாம். இன்னொரு செலவு, இன்னோர் ஆண்டு. அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

நண்பரிடம் புறப்படும் காலையில் கேட்டேன், எப்படி இவ்வளவு சரியாக வந்தது என்று. வைத்தியர் முதலில் கேட்டது இருபது வயதுப் படமாம். அவரிடம் படம் இல்லை. குடும்பத்தின் அல்பங்கள் எல்லாம் 2009 இல் முள்ளிவாய்க்கால் பக்கம் ஒரு பதுங்கு குழியில் கிடந்த பெட்டியோடு போய்விட்டன. அடையாள அட்டையில் தபால் முத்திரை அளவுப் படம் ஒன்று. அதில் நெற்றி தெளிவாக இல்லை. அப்படியானால் கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று வைத்தியர் கேட்டிருக்கிறார். விசுவமடுவில் இருக்கும் தம்பியை ஈரத்தலையோடு முற்றத்து வெயிலில் நிறுத்தி, முன்னாலும் இரு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். தம்பியின் விளிம்பு நடுவுக்கு இடப்பக்கம் சற்று இறங்கி, அங்கே முடி சிறிய சுழியாகத் திரும்புகிறது. வைத்தியர் நெற்றியில் பென்சில் வைத்தபோது முதலில் வரைந்தது அந்த இறக்கத்தைத்தான்.

அன்று வழியனுப்பத் தம்பியும் வந்திருந்தார். இருவரும் வேலியோரம் வெயிலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். காற்று இருவருடைய முன்முடியையும் ஒரே இடத்தில், இடப்பக்கமாக, தூக்கியது.